வீடு தங்காத பாலம்

இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால், நான் உட்கார்ந்திருக்கும் இந்த நாற்காலியின் கால் இப்போதே முறியட்டும். முறியவில்லை. லேசாக ஆடியது, அது எப்போதும் ஆடும். ஆகவே தைரியமாக மேலே படிக்கலாம்.

மதியச் சாப்பாடு முடிந்து கை ஈரம்கூடக் காயவில்லை. மேனேஜர் சர்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"பாலம் எங்கய்யா?"

சாவிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்த அறையின் சாவி இரவும் பகலும் அவர் பெல்ட்டிலேயே தொங்கியதால், சம்பளச் சீட்டில்கூடச் சாவிக்காரர் என்றுதான் வரும்.

"எந்தப் பாலம் சார்?"

"நல்லாக் கேட்டீங்க. நாலு மணிக்குத் தலைமைப் பொறியாளர் அம்மா பார்க்க வர்ற ஆத்துப் பாலம். என் கம்ப்யூட்டர்ல திறந்தா, 'அப்படி ஒரு ஃபைலே இல்லை'ன்னு சொல்லுது."

சாவிக்காரர் சிரித்தார். கோபமே வராத மனிதர். கொஞ்சம் பெருமை மட்டும் வரும்.

"தொலைஞ்சுபோறதுக்கு அது என்ன சார், குடையா?"

அவர் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. அந்த அலுவலகத்தில் வரைந்த பாலம், சாலை, சுரங்கப்பாதை எல்லாம் நான்கு சர்வர்களில் குடியிருந்தன. நான்கையும் கேபிளால் கோத்து, பெயரும் வைத்து, பிள்ளைகளைப்போல் வளர்த்தவர் அவர். மூத்தவன், நடுவன், கடைக்குட்டி மூன்றும் அவர் அறையிலேயே இருந்தன. நான்காவது முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டடத்தில் தனியாக இருந்தது. எதைக் கேட்டாலும் உடனே தராது. இரண்டு தடவை கேட்க வேண்டும், அதையும் மரியாதையாகக் கேட்க வேண்டும். அதனால் அதற்குச் சம்பந்தி என்று பெயர்.

ஒருமுறை மழைத் தண்ணீர் அறைக்குள் புகுந்தபோது, வடியும்வரை மூத்தவனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நின்றவர் சாவிக்காரர். ஒரு கோப்பைத் திறக்கும் வேகத்தை வைத்தே, "இது நடுவன்கிட்ட வளர்ந்தது, நடையே சொல்லுதே" என்று சொல்லிவிடுவார். அவர் பொறுப்பில் இருந்து ஒரு கோப்புகூட இதுவரை தொலைந்ததில்லை.

"வெளிக் கம்பெனிக்காரன் வந்து, 'எல்லாத்தையும் எங்ககிட்ட விடுங்க, நாங்க பாத்துக்கறோம்'னு நின்னப்ப நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒரே ஒரு ஃபைல் தொலைஞ்சாலும் சாவியை நானே கழட்டி உங்க மேஜைமேல வெச்சிடறேன்னு சொன்னேன்."

"நாலு மணிக்கு அந்தப் பாலம் என் திரையில நிக்கணும். இல்லேன்னா..."

மேனேஜர் சாவியைப் பார்த்தார். சாவிக்காரரும் குனிந்து அதையே பார்த்தார்.

"நீங்க மாடிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள திறந்து வெச்சிருப்பேன் சார்."

மேனேஜர் படியேறினார். சாவிக்காரர் தேடினார். பாலம் நடுவனிடம் சமர்த்தாக இருந்தது. போனை எடுத்தார்.

"நடுவன்கிட்ட இருக்கு சார். திறங்க."

"திறந்துட்டேன். இல்லை."

"இப்பத்தானே சார் கண்ணால பார்த்தேன்..." திரும்பிப் பார்த்தார். இல்லை. "ஒரு நிமிஷம். கடைக்குட்டிகிட்ட இருக்கு சார்!"

"கடைக்குட்டிகிட்டயும் இல்லை."

"மூத்தவன்!"

"யோவ், நான் என்ன கண்ணாமூச்சி ஆடவா மேனேஜர் ஆனேன்?"

குட்டி போட்ட பூனை வீடு மாற்றுவதுபோலப் பாலம் இடம் மாறிக்கொண்டிருந்தது. சாவிக்காரர் கண் வைத்த இடத்தில் இருக்கும். மேனேஜர் கை வைத்தால் போயிருக்கும்.

அதற்குள் ஸ்கேலம்மா வந்துவிட்டார். பாலத்தை வரைந்தவர் அவர்தான். கையில் எந்நேரமும் ஒரு ஸ்கேல் இருக்கும். அவர் போட்ட கோடு கோணலாகத் தெரிந்தால் பார்த்தவரின் கண்ணைத்தான் மருத்துவரிடம் காட்டவேண்டும், அவ்வளவு நேர்.

"அண்ணே, என் பாலம் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு நம்பித்தானே நான் ராத்திரியில தூங்கறேன்?"

"பத்திரமாத்தாம்மா இருக்கு. ஒரே இடத்துல இல்லை, அவ்வளவுதான்."

"அது ஆத்துமேல நிக்கவேண்டிய பாலம்ணே. இங்கேயே நிக்கமாட்டேங்குதே!"

சாவிக்காரர் யோசித்தார். ஒன்று ஓடினால் பிடிப்பது கஷ்டம். பத்து இருந்தால் ஒன்றாவது கையில் சிக்காதா? பாலத்தை ஒரு நொடி கண்டதும் மளமளவென்று பத்துப் பிரதி எடுத்தார். அவற்றுக்கு இடம் வேண்டுமே என்று, பக்கத்தில் அசையாமல் கிடந்த பழைய கோப்புகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அங்கேதான் வினை. பத்துப் பாலமும் பத்துப் பக்கம் ஓடின. நகர்த்தி வைத்த பழையவற்றுக்கும் ஊர் சுற்றும் ருசி கண்டுவிட்டது. மாடியிலிருந்து கூச்சல் கேட்டது. பேருந்து நிலையத்தைத் திறந்தவருக்குச் சுரங்கப்பாதை வந்தது. சுரங்கப்பாதையைத் திறந்தவருக்கு ஒரு நீச்சல் குளம் வந்தது. அவர் அதை மூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ணினீங்க?" என்றார் ஸ்கேலம்மா.

"கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன்."

இந்த நேரத்தில் மைத்துனன் உள்ளே வந்தான். சாவிக்காரர் மனைவியின் தம்பி. அலுவலகத்துக் கேபிள்களும் நெட்வொர்க்கும் அவன் பொறுப்பு. வேலை வாங்கிக் கொடுத்தவரே சாவிக்காரர்தான். ஆனாலும் இரண்டு பேருக்கும் சில நாளாகப் பேச்சு இல்லை. மைத்துனன் போனில் இருந்த புகைப்படங்களைச் சாவிக்காரர் ஒருநாள் பிரியமாக அடுக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவனுக்குப் பார்த்து நிச்சயித்த பெண்ணின் படத்தை அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பெண் வீட்டில் கேட்டதற்கு, "எங்கேயோ பத்திரமா இருக்கு" என்று சொல்லி மாட்டிக்கொண்டான்.

எதிரெதிரே நின்றார்கள். சாவிக்காரர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"உன் தம்பியைக் கேளு. நெட்வொர்க்ல ஏதாவது கை வெச்சானான்னு."

"என்னங்க, அவன் இருமற சத்தம் பக்கத்துலயே கேக்குதே?"

"பக்கத்துலதான் நிக்கிறான். நீ கேளு."

மைத்துனன் போன் அடித்தது. எடுத்தான்.

"ஆமாக்கா. நல்ல காரியம்தான் பண்ணியிருக்கேன். சர்வர் நிரம்பி வழியுதுன்னு மேனேஜர் வருத்தப்பட்டாரு. ஒரு புரோகிராம் எழுதிப் போட்டேன். ஒரே ஃபைல் ரெண்டு இடத்துல இருந்தா, பழசை அதுவே அழிச்சிடும். யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

சாவிக்காரர் முகம் வெளுத்தது. தன் போனை வாயருகே கொண்டுபோனார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. நானும் ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். ஒரு ஃபைல் ஒரே ஒரு இடத்துல மட்டும் இருந்தா, அதுவே போய் இன்னொரு இடத்துல பிரதி எடுத்து வெச்சிடும். ஒரு ஃபைலுக்கு ரெண்டு வீடு. அதான் என் சட்டம்."

இரண்டு போனையும் பிடித்துக்கொண்டிருந்த மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"அதாவது, நீங்க வைக்க வைக்க அவன் எடுத்துக்கிட்டே வர்றான். அவன் எடுக்க எடுக்க நீங்க வேற இடத்துல வெச்சுக்கிட்டே வர்றீங்க. இதைத்தானே ரெண்டு பேரும் என் வீட்டு அலமாரியில வருஷக்கணக்கா பண்ணிக்கிட்டிருக்கீங்க? முதல்ல போனை வெச்சிட்டு நேரா பேசிக்குங்க!"

இரண்டு போனும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன.

"அத்தான்," என்றான் மைத்துனன்.

"சொல்லுங்க மாப்ளே."

"உங்க புரோகிராமை நிறுத்துங்க. பாலம் நின்னுடும்."

"உங்களதை நிறுத்தினாலும் நின்னுடும்."

"எழுதினது நீங்கதான் முதல்ல."

"கெடுத்தது நீங்கதான் கடைசியில."

ஸ்கேலம்மா ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். "ரெண்டு பேரும் ஒண்ணா நிறுத்துங்க. நான் மூணு எண்றேன். ஒண்ணு... ரெண்டு... மூணு!"

எதிராளி நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கையில் இருவரும் நிறுத்தவில்லை. பாலம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மனிதர்கள் என்பதால் அதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மறுபடியும் எண்ணச் சொன்னார்கள். இந்தத் தடவை நிஜமாகவே நிறுத்தப் போனார்கள்.

"அத்தான், என் புரோகிராமைக் காணலையே."

"இங்கதான் வெச்சேன்..." சாவிக்காரர் விரல் நின்றது. "என்னதும் இல்லை மாப்ளே."

"உங்க சட்டம் புரோகிராமுக்கும் உண்டா?"

"புரோகிராமும் ஒரு ஃபைல்தானே மாப்ளே. எனக்கு ஃபைல்னா எல்லாம் ஒண்ணுதான். வேண்டியவன், வேண்டாதவன்னு நான் பார்க்கிறதே கிடையாது."

சொல்லும்போது அந்த நிலைமையிலும் அவர் மார்பு ஓர் அங்குலம் விரிந்தது. இரண்டு புரோகிராமும் பாலத்தைத் துரத்திக்கொண்டும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டும், தங்களைத் தாங்களே துரத்திக்கொண்டும் நான்கு சர்வர்களையும் சுற்றி வந்தன. அறையே சூடேறிவிட்டது. மூத்தவன் இரண்டு தடவை தும்மியதை ஸ்கேலம்மாவே கேட்டார்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "அம்மாவோட கார் கிளம்பிடுச்சாம். பாலம் எங்க?"

"பிடிச்சிடலாம் சார். கேபிளைப் பிடுங்கறதுதான் வழி. நாலு சர்வர்லயும் ஒரே நொடியில பிடுங்கணும். எங்க நிக்குதோ அங்கயே மாட்டிக்கும்."

"நாலு பேர் வேணுமே?"

"நாம நாலு பேர்தானே சார் இருக்கோம்."

மூத்தவனுக்குச் சாவிக்காரர், நடுவனுக்கு மைத்துனன், கடைக்குட்டிக்கு ஸ்கேலம்மா. சம்பந்தியிடம் போக மேனேஜரே முற்றத்தைத் தாண்டி ஓடினார். போகும்போதே சாவிக்காரர் கத்தினார்: "சார், மரியாதையா பிடுங்குங்க! அது ஒரு மாதிரி!"

எண்ணும் பொறுப்பை வீட்டிலிருந்தபடியே மனைவி ஏற்றுக்கொண்டார். "நீங்க எண்ணினா ஏமாத்துவீங்க. எல்லாரும் போனைக் காதுல வையுங்க. ஒண்ணு. ரெண்டு. தம்பி, கையைக் கேபிள்ல வெச்சியா? மூணு!"

நான்கு கேபிளும் ஒரே நொடியில் கழன்றன. அறை அடங்கியது.

மூத்தவனில் பார்த்தார்கள். இல்லை. நடுவனில் இல்லை. கடைக்குட்டியில் இல்லை. சம்பந்தியிடம் மேனேஜர் இரண்டு தடவை கேட்டார், இரண்டாம் தடவை 'தயவுசெய்து' என்றும் சேர்த்தார். அங்கேயும் இல்லை.

மேனேஜர் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சாவியைக் கொடுத்துடுங்க."

சாவிக்காரர் பெல்ட்டில் கை வைத்தார். எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடந்ததில் வளையம் இறுகியிருந்தது. மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழற்றிக்கொண்டே அவர் கண் தரையில் ஓடியது. கடைக்குட்டியிலிருந்து சம்பந்திக்குப் போகும் நீளக் கேபிள், சுவரோரமாக ஜன்னல் வழியே முற்றத்துக்குள் இறங்கியது. அதன் நடுவில், எலி விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி ஓரிடம் தடித்திருந்தது.

"சார்!" என்றார். "பாலம் தொலையலை. வழியில இருக்கு. போய்க்கிட்டிருக்கும்போதே நாம பிடுங்கிட்டோம்!"

"கேபிளுக்குள்ளயா?"

"அம்மா, அந்த முனையை விரலால பொத்துங்க! மாப்ளே, ஓடிப்போய்ச் சம்பந்தி பக்கத்து முனையைப் பிடிங்க! ஒழுகிடப் போகுது!"

ஸ்கேலம்மா கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். மைத்துனன் அந்தப் பக்கம் பாய்ந்து பொத்தினான். சுவரிலிருந்த ஆணிகளை மேனேஜரே தன் கையால் பிடுங்கினார். கேபிள் முழுசாகக் கையில் வந்தது. கனமாகத்தான் இருந்தது, கற்பாலம் அல்லவா.

மாடிப்படி ஏறவேண்டும். படியோ குறுகல்.

"சுருட்டினாத்தான் ஏத்த முடியும் அத்தான்."

"சுருட்டாதீங்க மாப்ளே, உள்ள இருக்கிறது நேர்ப் பாலம்!"

"என் கோடு!" என்றார் ஸ்கேலம்மா.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி, லேசா. ரொம்ப லேசா. கன்னுக்குட்டியைத் தோள்ல போடற மாதிரி."

மைத்துனன் ஒரே ஒரு சுற்றாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டான். ஏறினார்கள். மேனேஜரின் கம்ப்யூட்டரில் ஒரு முனையைச் செருகினார்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் மேஜைமேல் ஏறி நின்றான், சரிந்து இறங்கட்டும் என்று. சாவிக்காரர் கேபிளை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக நீவிவிட்டார்.

முதலில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம் வந்து விழுந்தது. எந்தக் காலத்தில் மாட்டிக்கொண்டதோ, அந்தக் குழந்தை இப்போது இதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் தூசி. அப்புறம் பாலத்தின் முதல் தூண். இரண்டாம் தூண். கைப்பிடிச் சுவர். மெதுவாக, ஒரு ரயில் குகையை விட்டு வெளியே வருவதுபோலப் பாலம் திரைக்கு வந்து சேர்ந்தது. விளக்குக் கம்பங்கள் மட்டும் கடைசியில் ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன.

மேஜைமேலிருந்த மைத்துனன் இறங்கவே இல்லை. "அத்தான்னா அத்தான்தான்!" என்றான் அங்கிருந்தே.

ஸ்கேலம்மா மட்டும் திரையருகே போய் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணே, வளைஞ்சிருக்கு."

உண்மைதான். நேராகப் போக வேண்டிய பாலம், ஆற்றின் நடுவில் அழகாக இடப்பக்கம் திரும்பி, அப்புறம் ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்து அக்கரை சேர்ந்தது. மைத்துனனின் தோள் அளவு வளைவு.

சரிசெய்ய நேரம் ஏது? கதவு திறந்தது. தலைமைப் பொறியாளர் அம்மையார் உள்ளே வந்தார். மேஜைமேல் நின்றவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சாவிக்காரர் கை தானாகவே பெல்ட்டுக்குப் போனது.

"நானும் எத்தனையோ ஆபீஸ் போறேன்," என்றார் அம்மையார். "எல்லாரும் ஸ்கேலை வெச்சு ஒரே இழுப்பா இழுத்துட்டு, பாலம்னு காட்டறாங்க. இந்த வளைவு... ஆத்தோட போக்கைக் கேட்டு, அதுக்கு மரியாதை கொடுத்த மாதிரி இருக்கே. இது யாரோட யோசனை?"

எல்லாரும் சாவிக்காரரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வரைஞ்சது இந்த அம்மா. அதைப் பாதுகாத்த விதத்துல கொஞ்சம் மெருகு கூடிப்போச்சுங்கம்மா."

"பாதுகாத்தா இப்படிப் பாதுகாக்கணும்!"

மேனேஜர் உடனே போனை எடுத்தார். அந்த வெளிக் கம்பெனிக்காரரிடம், "எங்க ஆளு இருக்காரு, நீங்க வரவேண்டாம்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு தன் கையாலேயே சாவி வளையத்தை இறுக்கிவிட்டார். சாவிக்காரர் அந்த அறையில் அப்போது நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். பாலத்தின் விளக்குக் கம்பங்கள்கூட அவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை. மைத்துனன் கேபிளை மடித்து, ஒரு பரிசுப் பொருளைப்போல மார்போடு அணைத்துக்கொண்டான். ஸ்கேலம்மா ஸ்கேலை மெதுவாக இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிடலாம்," என்றார் அம்மையார். "கையெழுத்துப் போட்டுடறேன். என் கண்ணாடியைக் கார்லயே விட்டுட்டேன் போலிருக்கு."

கண்ணாடியோடு டிரைவர் ஏற்கெனவே கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தார். அதை நீட்டியபடியே திரையை எட்டிப் பார்த்தார்.

"அம்மா, இந்த வளைஞ்ச பாலத்துமேலதானே நாம ரெண்டு வருஷமா தினமும் போய் வர்றோம்? புதுப் பாலம் எங்க?"